கதிர் பாதி, காவல் செல் பாதி

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு நோயாளிகள் வைத்திருக்கும் பெயர் ‘கரண்ட் வைப்பது’. வட இந்தியாவில் ‘சிகாயி’, அதாவது ஒத்தடம். இரண்டு பெயரிலும் சூடு இருக்கிறது. கதிர் பட்ட இடம் பொசுங்கும், கட்டி சாகும், தீர்ந்தது விஷயம். டாக்டர்களும் நெடுங்காலம் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்திருந்தார்கள். கதிர் புற்றுநோய் செல்லின் டி.என்.ஏ.வை வெட்டுகிறது, வெட்டுப்பட்ட செல் இரண்டாகப் பிரிய முயலும்போது மடிகிறது. நோயாளியின் எதிர்ப்பு சக்திக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. எதிர்ப்பு சக்தியைக் குலைக்கும் சிகிச்சை என்றுதான் ரேடியேஷனுக்குப் பெயர்.

கணக்கு தப்பு என்பதற்கான சாட்சியம் 1979லேயே வந்துவிட்டது. ஒரே வகைக் கட்டியை இரண்டு வகை எலிகளுக்கு வைத்துப் பார்த்தார்கள் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள். ஒரு பிரிவு நல்ல எதிர்ப்பு சக்தி கொண்டவை. மற்றவை ‘டி செல்கள்’ அகற்றப்பட்டவை. கிருமி தொற்றிய செல்களைத் தேடிப் பிடித்துக் கொல்லும் வெள்ளையணுக்கள்தான் டி செல்கள். அவை இல்லாத எலிகளைக் குணப்படுத்த ஏறக்குறைய இரண்டு மடங்கு கதிர் தேவைப்பட்டது. கதிரின் கணக்கில் எழுதப்பட்ட வெற்றியில் பெரும் பங்கு இந்தச் செல்களுடையது என்று அர்த்தம். ஆனால் இந்த ஆய்வு பல வருஷங்கள் அதிகம் பேசப்படாமலே கிடந்தது.

செல்கள் எப்படி உதவுகின்றன? பதில் சற்றே துப்பறியும் கதை போன்றது. புற்றுநோய்க் கட்டி உடலின் சொந்தச் சரக்கு. காவல் செல்களின் கண்ணில் படாமல் வளர்வதில் கில்லாடி. கதிர் பட்டு டி.என்.ஏ. உடையும்போது அதன் துணுக்குகள் செல்லின் கருவிலிருந்து வெளியே கசிகின்றன. கருவுக்கு வெளியே டி.என்.ஏ. இருந்தால் உடலைப் பொறுத்தவரை அது வைரஸ் நுழைந்ததற்கு அடையாளம். இதை மோப்பம் பிடிக்கும் ‘சிகாஸ்’ என்ற புரதத்தை 2013ல் டல்லஸ் நகரில் ஜிஜியன் சென் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அது ‘ஸ்டிங்’ என்ற இன்னொரு புரதத்தை உசுப்ப, அபாயச் சங்கு ஊதப்படுகிறது. டென்ட்ரைட்டிக் செல்கள் ஓடி வந்து, செத்த புற்றுநோய் செல்லின் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. அங்கே காத்திருக்கும் டி செல்களுக்கு எதிரியின் அங்க அடையாளம் காட்டப்படுகிறது. டி செல்கள் பல்கிப் பெருகி, கட்டியை நோக்கிப் படையெடுக்கின்றன. ஸ்டிங் இல்லாத எலிகளில் கதிரின் பலன் வெகுவாகக் குறைந்துபோவதை 2014ல் சிகாகோ விஞ்ஞானிகள் காட்டினார்கள்.

அப்படியானால் கதிரைக் கூட்டினால் சங்கின் ஓசையும் கூடுமா? அங்கேதான் சிக்கல். ஒரே தடவையில் அளவு மீறிக் கொடுத்தால், கசிந்த டி.என்.ஏ.வைத் துடைத்து அழிக்கும் ‘ட்ரெக்ஸ்1’ என்ற என்சைம் விழித்துக்கொள்கிறது என்று 2017ல் நியூயார்க்கின் சாண்ட்ரா டெமாரியா குழு கண்டறிந்தது. எலிகளில் எட்டு கிரே வீதம் மூன்று தடவை கொடுத்தது, ஒரேயடியாக இருபது கிரே கொடுத்ததைவிட டி செல்களை நன்றாகத் தூண்டியது. போதாததற்கு, காயத்தை ஆற்ற வரும் வேறு சில வெள்ளையணுக்கள் டி செல்களைச் சாந்தப்படுத்தி, கட்டிக்கே காவல் நிற்கவும் செய்கின்றன.

கதிர் படாத இடத்திலும் கட்டி சுருங்கும் அதிசயத்துக்கு ‘அப்ஸ்கோபல்’ விளைவு என்று 1953ல் பெயர் சூட்டியவர் ஆர்.எச். மோல். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் டாக்டர்கள் 2012ல் வெளியிட்ட ஒரு மெலனோமா நோயாளியின் விவரம் இதைப் பிரபலமாக்கியது. ‘இபிலிமுமாப்’ மருந்து பெற்றுவந்தவருக்கு முதுகெலும்பை ஒட்டிய கட்டிக்கு மட்டும் மூன்று தவணையில் 28.5 கிரே கொடுத்தார்கள். மண்ணீரலில் இருந்த கட்டிகளும் சுருங்கின. படிக்கச் சிலிர்ப்பூட்டும் சம்பவம்தான். ஆனால் இது அபூர்வம். இதை நம்பிச் சொத்தை விற்க யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

டி செல்களுக்குப் புற்றுநோய் போடும் பிரேக்கை விடுவிப்பவை இபிலிமுமாப் வகை மருந்துகள். இந்தப் பிரேக்கைக் கண்டறிந்த ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோன்ஜோ இருவருக்கும் 2018ல் நோபல் பரிசு கிடைத்தது. கதிரையும் இதையும் சேர்த்தால் வெற்றி நிச்சயம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அறுவை செய்ய முடியாத மூன்றாம் கட்ட நுரையீரல் புற்றுநோயில் அப்படியே நடந்தது. 713 பேர் பங்கேற்ற ‘பசிபிக்’ ஆய்வில், கதிரும் கீமோவும் முடிந்த பிறகு ‘டர்வலுமாப்’ பெற்றவர்களில் 42.9 சதவீதத்தினர் ஐந்து வருஷம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள். பெறாதவர்களில் 33.4 சதவீதம். அதே மருந்தைக் கதிரோடு சேர்த்தே தொடங்கிய ‘பசிபிக்-2’ ஆய்வில் பலன் பூஜ்யம்.

இந்தியர்களுக்கு அதிகம் கவலை தரவேண்டியது தலை, கழுத்துப் புற்றுநோய். புகையிலையும் பாக்கும் புண்ணியத்தால் இங்கே அது ஏராளம். 697 பேரிடம் ‘அவெலுமாப்’ மருந்தைக் கதிர், கீமோவோடு சேர்த்துச் சோதித்த ஆய்வு 2021ல் கையை விரித்தது. ஏன்? பலர் கைகாட்டுவது கழுத்தை. இந்தச் சிகிச்சையில் ஏழு வாரத்தில் 70 கிரே வரை போகிறது. ஒளிந்திருக்கும் புற்றுநோய் தப்பிவிடக்கூடாது என்று நிணநீர்க் கணுக்களுக்கும் சேர்த்துக் கதிர் பாய்ச்சுவது வழக்கம். டி செல்கள் பாடம் படிக்கும் பள்ளிக்கூடமே அதுதான். ரத்தத்தில் ஓடும் லிம்ஃபோசைட்டுகள் மிகக் குறைந்த கதிருக்கே சாகக்கூடியவை. பிரேக்கை எடுத்துவிட்டு, வண்டியையே கொளுத்தியதுபோல் ஆகியிருக்கலாம் என்பது சந்தேகம். கட்டிக்குள்ளேயே குடியேறிவிட்ட டி செல்கள் கதிரைத் தாங்கும் என்று 2019ல் சிகாகோ ஆய்வு காட்டியது ஓர் ஆறுதல்.

ஆனால் ‘பிறகு கொடு’ என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் முடியாது. இந்தியாவில் வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்களைத் தாக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில், 1,060 பேர் பங்கேற்ற ஆய்வு ஒன்று ‘பெம்ப்ரோலிசுமாப்’ மருந்தைக் கதிரோடு தொடங்கி, பிறகும் தொடர்ந்தது. மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 82.6 சதவீதம், மருந்து இல்லாத பிரிவில் 74.8. அதே நோயில் டர்வலுமாபைக் கதிரோடு கொடுத்த வேறொரு ஆய்வோ தோற்றது.

பெம்ப்ரோலிசுமாப் மொத்தம் இருபது தவணை. செலவு பல லட்சம். இங்கே கதிர்வீச்சுக் கூடத்தின் வாசலில் காத்திருக்கும் பெரும்பாலான பெண்களுக்கு அது எட்டாக் கனி. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை வேறு வழியில் முயன்றது. கதிரால் குணப்படுத்தும் கட்டத்தைத் தாண்டிவிட்ட 151 தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், மலிவான மாத்திரைகளோடு ‘நிவோலுமாப்’ மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் மட்டும், ஒரு பிரிவினருக்குக் கொடுத்தது. 2022ல் வெளியான முடிவில், ஓராண்டு உயிர் பிழைத்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள்.