பித்தமும் இல்லை, அழுக்கும் இல்லை... குதிகால் ஏன் வெடிக்கிறது?

போர்வையிலோ சேலைக் கரையிலோ குதிகால் பட்டு 'சரக்' என்று நூல் இழுபடும்போதுதான் பலருக்கும் பாதத்தின் ஞாபகமே வருகிறது. முகத்துக்கு ஒரு கிரீம், கைக்கு ஒரு கிரீம், தலைக்கு இரண்டு விதமான எண்ணெய் என்று அடுக்கி வைத்திருக்கும் வீட்டில்கூட காலுக்கென்று தனியாக ஒரு டப்பா இருக்காது. கல்யாண வீட்டில் செருப்பைக் கழற்றியதும் சேலையை இழுத்து விட்டு மறைத்துக்கொள்வதோடு விஷயம் முடிந்துவிடும்.

'பித்தவெடிப்பு' என்று பெயர் வைத்துவிட்டதால், உடம்பில் பித்தம் கூடினால்தான் கால் வெடிக்கும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், வெடிப்பு என்றாலே சுத்தம் போதாது என்ற பேச்சு. அந்தக் கூச்சத்தில்தான் துணி துவைக்கிற கல்லில் குதிகாலை வைத்துத் தோல் சிவக்கும்வரை தேய்க்கிறார்கள். இரண்டு நாள் வழவழப்பாக இருக்கும். பிறகு முன்பைவிடத் தடிப்பாக வந்து நிற்கும். உரசலும் அழுத்தமும் விழும் இடத்தில் தோல் தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் தடிக்கும். அது அதன் இயல்பு.

உள்ளங்கால் தோல் மற்ற இடத்துத் தோல் மாதிரி இல்லை. முகத்திலும் தலையிலும் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் இங்கே கிடையவே கிடையாது. வியர்வை ஒன்றுதான் அதற்கு ஈரம். மேல்தோலும் இங்கேதான் மிகவும் தடிமன். குதிகாலுக்கு அடியில் மெத்தை மாதிரி ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது. நாம் எழுந்து நிற்கும்போது உடம்பின் பாரம் அதன் மேல் இறங்கி, திண்டு பக்கவாட்டில் பிதுங்கும். தோலில் ஈரம் இருந்தால் கூடவே விரிந்து கொடுக்கும். காய்ந்து கெட்டிப்பட்டிருந்தால் விரிய முடியாமல் கீறல் விழும். கோடையில் வற்றிய ஏரி மண் பிளப்பது போலத்தான்.

அதனால் யாருக்கெல்லாம் வெடிக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. உடல் எடை கூடியவர்கள், நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்கள், பின்பக்கம் திறந்த செருப்பு போடுபவர்கள், பாத்திரம், துணி என்று சோப்புத் தண்ணீரிலேயே கால் நனைபவர்கள். வயதாக ஆகத் தோல் தானாகவே வறண்டுபோகும். மார்கழிக் குளிரில் எல்லோருக்கும் கொஞ்சம் கூடும். ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்று சேலை விரித்துக் காட்டும் பெண்ணின் குதிகாலுக்கு எந்த கிரீமும் முழுத் தீர்வு ஆகாது. உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்திருத்தம் வந்துவிட்டது. கேட்டு வாங்க வேண்டியதுதான்.

ராத்திரி இருபது நிமிடம்

வீட்டு வைத்தியத்தில் வரிசை முக்கியம். முதலில் தண்ணீர், அப்புறம்தான் எண்ணெய். காய்ந்த குதிகாலில் நேராகத் தேங்காய் எண்ணெயைத் தடவினால் வறட்சிக்கு மேலே ஒரு பளபளப்பு வரும், அவ்வளவுதான். எண்ணெயின் வேலை, தோலுக்குள் ஏற்கெனவே போன தண்ணீரை வெளியே விடாமல் மூடி வைப்பது.

படுக்கப் போகும் முன் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஊறட்டும். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் இருக்கிற ஈரமும் போய்விடும். ஷாம்பு, கல் உப்பு, சோடா மாவு எதுவும் அந்தப் பக்கெட்டில் தேவையில்லை. ஊறியதும் பியூமிஸ் கல்லாலோ காய்ந்த பீர்க்கங்காய் நாராலோ மெதுவாகத் தேய்க்கலாம். மேலே வெள்ளையாக உரிந்து வருவது மட்டும் போனால் போதும். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேய்க்கவும் வேண்டாம். ரத்தம் கசியும் வெடிப்பில் கல்லைக் கொண்டுபோகவே கூடாது.

துண்டால் ஒற்றி எடுத்து, லேசான ஈரம் இருக்கும்போதே மருந்தோ எண்ணெயோ தடவ வேண்டும். டிவி பார்த்துவிட்டு அரை மணி கழித்துத் தடவினால் ஊற வைத்தது வீண். விரல் இடுக்குகளில் மட்டும் தடவாமல் நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண்ணுக்கு நாமே இடம் கொடுத்தது மாதிரி. கடைசியாகப் பருத்தி சாக்ஸ். சாக்ஸ் போட்டால் தடவியது பாயில் ஒட்டாமல் காலிலேயே இருக்கும். வழுக்கி விழாமலும் இருக்கலாம். எண்ணெய்க் காலோடு டைல்ஸ் தரையில் பாத்ரூமுக்கு எழுந்து போய் இடுப்பை ஒடித்துக்கொள்வது வெடிப்பைவிடப் பெரிய பிரச்னை. பெரியவர்கள் சாக்ஸோடு நடந்தாலும் வழுக்கும், மேலே செருப்பும் வேண்டும்.

என்ன தடவுவது? பெட்ரோலியம் ஜெல்லி விலை குறைவு, வேலையைச் சரியாகச் செய்யும். விளக்கெண்ணெய் பிசுபிசுப்பானாலும் நல்லதுதான். சித்த மருந்துக் கடைகளில் கிடைக்கும் குங்கிலிய வெண்ணெய் பல வீடுகளில் தலைமுறையாகப் புழங்குவது. மெழுகுவத்தியைத் தேங்காய் எண்ணெயில் உருக்கித் தடவுகிற பழைய வைத்தியத்திலும் நியாயம் இருக்கிறது, மெழுகும் ஈரத்தை மூடத்தானே செய்கிறது! ஆனால் ஆறிய பிறகு தடவ வேண்டும், சூட்டோடு ஊற்றிக் கொப்புளம் வாங்கக் கூடாது.

தோல் மிகவும் தடித்திருந்தால் மருந்துக் கடையில் யூரியா கலந்த கிரீம் கேட்கலாம். உரக்கடை யூரியா என்று பயப்பட வேண்டாம். யூரியா நம் தோலிலேயே இயற்கையாக இருக்கும் பொருள். தண்ணீரைப் பிடித்து வைக்கும், அளவு கூடினால் தடிப்பையும் கரைக்கும். சாதாரண வறட்சிக்கு 10% போதும். கெட்டியான குதிகாலுக்கு 20 முதல் 25% வரை. திறந்த வெடிப்பில் பட்டால் எரியும் என்பதால், அது ஆறும்வரை ஜெல்லியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எலுமிச்சைத் தோலால் தேய்ப்பதை மட்டும் விட்டுவிடுவது நல்லது. அமிலம் எரிச்சலைத்தான் கூட்டும். பிளேடால் சீவுவதும், உடனே ஒட்டும் பசையை வெடிப்பில் ஊற்றுவதும் அதைவிட மோசம். சீவும்போது ஆழமாகப் போனால் ரத்தம், அதன் வழியே கிருமி. பசையோ அழுக்கை உள்ளே வைத்து மூடிவிடும்.

இப்படிச் செய்தால் ஒரே ராத்திரியில் பட்டுப்போல் ஆகிவிடும் என்றில்லை. தினமும் தடவி வந்தால் இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும். சரியானதும் நிறுத்தினால் திரும்ப வந்துவிடும். பல் தேய்ப்பது மாதிரி இதையும் தினசரிக் கணக்கில் சேர்த்துவிட வேண்டியதுதான்.

வலிக்காத வெடிப்பு

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மேலே சொன்னதை அப்படியே செய்யக் கூடாது. சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாவிட்டால் கால் நரம்புகள் பாதிக்கப்படும். வியர்வையைக் கவனிக்கும் நரம்பு பழுதானால் பாதம் வறண்டு வெடிக்கும். வலியைச் சொல்லும் நரம்பும் கூடவே பழுதாகியிருந்தால், வெடித்தது தெரியாது. "வெடிப்பு இருக்கு, ஆனா வலியே இல்ல டாக்டர்" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். டாக்டரைக் கவலைப்பட வைக்கும் வார்த்தையே அதுதான். அந்தச் சின்னக் கீறலில் சீழ் பிடித்து, ரத்த ஓட்டமும் குறைவாக இருந்து, விரலை எடுப்பது, பாதத்தை எடுப்பது என்று போன கதைகள் எந்த அரசு மருத்துவமனை அறுவை சிகிச்சை வார்டிலும் கேட்கும்.

இவர்கள் காலைத் தண்ணீரில் ஊற வைக்கவே கூடாது. சூடு தெரியாமல் வெந்துபோனவர்கள் உண்டு. கல், பிளேடு, ஆணிக்கால் பிளாஸ்திரி, சாலிசிலிக் அமிலம் கலந்த மருந்து எதுவும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். சாதாரணத் தண்ணீரில் கழுவி, துடைத்து, மாய்ச்சரைசர் தடவலாம். வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது பாதத்தில் மெல்லிய நைலான் இழையை வைத்துச் செய்யும் உணர்வுப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். வலிக்காத, ஒரு நிமிட வேலை.

சர்க்கரை இல்லாதவர்களுக்கும் சில அடையாளங்கள் உண்டு. ஒரு காலில் மட்டும் மாவு பூசியதுபோல் வெள்ளையாகச் செதில் உதிர்ந்து அரித்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். எண்ணெய் தடவி அது போகாது. உள்ளங்கையும் சேர்ந்து தடித்து வெடித்தால் சோரியாசிஸா என்று தோல் டாக்டர் பார்க்க வேண்டும். உடம்பு முழுக்க வறட்சி, அசதி, முடி கொட்டுவது என்றால் தைராய்டு பரிசோதனை. வெடிப்பைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, வீங்கினாலோ நீர் வடிந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போவதுதான் சரி.

வயதானவர்களுக்கு இன்னொரு சிக்கல், குனிந்து தங்கள் உள்ளங்காலைப் பார்க்கவே முடியாது. தரையில் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். அதைவிடச் சுலபம், பேரனோ பேத்தியோ தினமும் ராத்திரி ஒரு தடவை பார்ப்பதும், வாரா வாரம் போனில் இரண்டு பாதத்தையும் போட்டோ எடுப்பதும். போன வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் புதுக் கீறல் தெரிந்துவிடும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தப் போனையும் எடுத்துப் போகலாம்.