ஆங்கிலச் சொற்றொடரும் எமது வயற்காணியும்

கந்தளாய்க் குளத்து நீரில் வேளாண்மை செய்த நாம் 'அணைக்கட்டு' என்ற சொல்லை நன்கறிவோம். நீர்ப்பாசன ஆங்கிலத்தில் வழங்கும் 'அனிகட்' என்பதும் அதே சொல்தான். தென்னிந்தியாவில் வேலை செய்த ஆங்கிலேயர் அதைத் தமிழரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 'கட்டமரான்' என்பதும் எமது கட்டுமரமே. ஆகவே, ஆங்கிலம் எமக்கு எட்டாத மொழி என்று எண்ணித் தலைகுனியத் தேவையில்லை.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று ஆங்கிலம் படிக்கிறார்கள். இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அவர்களுடைய கொப்பிகளைப் புரட்டினால் ஒரு கவலை எழுகிறது. பக்கம் பக்கமாக மரபுத்தொடர்கள். பெருமழையைப் 'பூனையும் நாயுமாகப் பெய்கிறது' என்று ஆங்கிலத்தில் பாடமாக்கியிருக்கிறார்கள். வெள்ளம் ஏறி நெல் அழிந்ததை நாலு வரியில் எழுதச் சொன்னாலோ திகைத்து நிற்கிறார்கள்.

மரபுத்தொடர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது இல்லாத பேச்சு உப்பில்லாப் பண்டம். ஆனால் அதன் வேரை அறிந்து கற்கவேண்டும். நாம் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்கிறோம். ஆங்கிலேயர் 'வெயில் உள்ளபோதே புல்லை உலர்த்து' என்கிறார்கள். சூடடித்த நெல்லைத் தூற்ற எமக்குக் காற்று வேண்டும். அடிக்கடி மழை பெய்யும் நாட்டில் மாட்டுக்குப் புல் உலர்த்த அவர்களுக்கு வெயில் வேண்டும். இரண்டும் உழவர் அனுபவமே. 'எங்களைக் கைகழுவி விட்டார்கள்' என்பதை ஆங்கிலத்திலும் ஏறக்குறைய அப்படியே சொல்லலாம். பிலாத்து கைகழுவிய நிகழ்ச்சியோடு அங்கே அது இணைந்திருக்கிறது. ஆனால் எல்லாம் இப்படிப் பொருந்துவதில்லை. துயரத்தில் ஒரு தாய் 'நெஞ்சு எரியுது' என்று சொல்வதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் மாற்றினால், கேட்கும் வைத்தியர் வயிற்றுப் புளிப்புக்கே மருந்து தருவார்.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. எம்மைப் பற்றிய சொற்களை நாம் முதலில் அறியவேண்டும். தமிழில் 'அகதி' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். 1951ஆம் ஆண்டின் ஐ.நா. சமவாயத்தின்படி 'ரெபியூஜி' என்பவர் தன் நாட்டின் எல்லையைக் கடந்தவர். நாட்டுக்குள்ளேயே ஊரைவிட்டு ஓடவேண்டி வந்தவர் 'டிஸ்பிளேஸ்ட்' எனப்படுவார். இவர்களுக்கான வழிகாட்டிக் கோட்பாடுகள் 1998இல் ஐ.நா.வில் முன்வைக்கப்பட்டன. விட்டுவந்த சொத்து பாதுகாக்கப்படவேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பிய குடும்பமும், இலங்கைக்குள்ளேயே அலைந்த குடும்பமும் ஒரே சொல்லை எழுதினால் விண்ணப்பம் வழிதவறக்கூடும்.

'காணியை விட்டுட்டு வந்தம்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். பிள்ளை அதை 'அபான்டன்ட்' என்று எழுதினால், நாமே கைவிட்டோம் என்று பொருள்படும். 'வெளியேற நிர்ப்பந்திக்கப்பட்டோம்' என்ற கருத்துப்பட எழுதுவதே உண்மை. 'ரிலீஃப்' என்பது நிவாரணம். 'கொம்பன்சேஷன்' என்பது நட்டஈடு. முன்னது இடருக்கு உதவி, பின்னது இழப்புக்கு ஈடு. 2009இல் போர் முடிந்து மக்கள் திரும்பியபோது, பற்றை மூடிய பழைய வயல்கள் காடாகக் கணக்கிடப்பட்டிருந்ததை வடக்கு, கிழக்கில் பல இடங்களில் கண்டோம். இந்த நிலையில் ஒரு சொல்லின் பிழை சிறிய பிழை அல்ல.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. ஆங்கிலம் இணைப்பு மொழி. பிரதேச செயலகத்துக்குத் தமிழில் எழுதுவது எமது உரிமை. ஆங்கிலம் அதற்குப் பதிலாக வருவதல்ல. வெளியுலகத்துக்கு எமது குரலைக் கொண்டுபோகும் இன்னொரு வாய்க்கால்.

அப்படியானால் என்ன செய்யலாம்? பெரியவர்கள் தமிழில் சொல்லட்டும்: எந்தக் குளத்தின் கீழ் வயல் இருந்தது, அதன் எல்லைகள் எவை, எத்தனை ஏக்கர், உறுதியா அனுமதிப்பத்திரமா, எந்த ஆண்டில் எதனால் வெளியேறினோம். பிள்ளைகள் அதைச் சிறு வசனங்களாக ஆங்கிலத்தில் எழுதட்டும். தெரிந்த ஆசிரியரிடம் காட்டித் திருத்தட்டும். கிழமைக்கு ஒரு மரபுத்தொடர் போதும். அதையும் தம் வாழ்க்கையோடு சேர்த்து ஒரு வசனத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பேசும்போது வரும் பிழையைக் கண்டு சிரிக்கவேண்டாம். 'ஐ வில் கோ அன்ட் கம்' என்று ஒருவர் விடைபெற்றால், அது எமது 'போயிட்டு வாறன்'. இலங்கையர் பேசும் ஆங்கிலத்தில் அதற்கும் இடமுண்டு.

விதைநெல்லைப் பதர் நீக்கித்தான் விதைக்கிறோம். சொல்லையும் அப்படியே தெரிந்தெடுப்போம். எமது கதையை வேறொருவர் எழுத, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே நாம் கையொப்பம் வைத்த காலம் போதும்.