பஸ் நிற்காத வீடு

எல்.எஃப்.சி. கிடைத்தால் பேங்க் குமாஸ்தா குடும்பத்தோடு மும்பை பார்ப்பான். நானும் பார்த்தேன். இங்கிலாந்து ராஜா 1911ல் வந்து இறங்கியதற்காகக் கட்டி 1924ல் திறந்த கேட்வே. அப்புறம் நடிகர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர். ஜன்னலில் தலை தெரியுமா என்று சனம் வெயிலில் காத்துக் கிடக்குது.

"தாதர்ல ராஜகிருகம் போகுமா?" என்று கேட்டேன்.

"அது டூர்ல இல்ல சார்."

தன் புத்தகங்களுக்காக அம்பேத்கர் கட்டிய வீடு டூரில் இல்லை. 2020 ஜூலையில் அதன் ஜன்னல் கண்ணாடியை உடைத்தவனுக்கு மட்டும் வழி தெரிந்திருந்தது. 1997 ஜூலை 11ல் போலீஸ் பத்துப் பேரைச் சுட்டுக் கொன்ற காட்கோபர் ரமாபாய் நகரும் இல்லை.

ஆனால் தாராவி உண்டு, தனி டிக்கெட்! 2008ல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' வந்தபின் கிராக்கி வேறு. திருநெல்வேலிப் பக்கமிருந்து தோல் பதனிடப் போன நம் சனத்தின் சந்து அங்கே வேடிக்கைப் பொருள். நம் வறுமையைக் காட்டுவான். நம் அறிவு இருந்த வீட்டைக் காட்டமாட்டான். இதுதான் சுற்றுலாவின் சாதி.

டிசம்பர் 6ல் போய்ப் பாருங்க. 1956ல் பாபாசாகேபுக்கு எரியூட்டிய தாதர் கடற்கரைக்கு லட்சக்கணக்கில் வருகிறார்கள். சோற்று மூட்டையோடு வந்தவர்கள் புத்தக மூட்டையோடு திரும்புகிறார்கள். எந்த நடிகர் வீட்டு வாசலில் இது நடக்கும்?

தோழர்களே, அந்த பஸ்ஸில் ஏறாதீங்க. தாதர் ஸ்டேஷனில் இறங்குங்க. கிழக்கே ராஜகிருகம், மேற்கே சைத்யபூமி. நடந்தே போகலாம்.