பாடப் போகிறவர்கள் ரயிலில் போகட்டும்

ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் பாடகர் குழுக்கள் உண்டு. கொயர் என்று சொல்வார்களே, அதுதான். சம்பளம் வாங்கிக்கொண்டு பாடுகிற குழுக்கள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பகலில் வங்கியிலும் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்துவிட்டு, வாரத்தில் ஒரு சாயங்காலம் கூடிப் பயிற்சி எடுக்கிற சாதாரண மக்களின் குழுக்கள். எப்போதாவது ஒருமுறை இவர்கள் எல்லோரும் சேர்ந்து வெளிநாடு போய்ப் பாடிவிட்டு வருவார்கள். அந்தப் பயணத்தை வைத்துத்தான் இப்போது விவாதம். விமானத்தில் போவதா, ரயிலில் போவதா?

ரயிலில்தான் போக வேண்டும். ஆனால் 'பூமியைக் காப்பாற்றணும்' என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டால் குழுவில் பாதிப் பேர் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்பிலும் நியாயம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் ரயில் டிக்கெட் எடுக்கக் கூடாது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். லண்டனில் 40 பேர் கொண்ட ஒரு குழு, ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் லைப்சிக்? பாக் 1723 முதல் 1750ல் சாகும்வரை இசைப் பொறுப்பில் இருந்த புனித தோமையார் தேவாலயம் அங்கேதான் இருக்கிறது. அங்கே ஒருமுறையாவது பாட வேண்டும் என்று ஆசைப்படாத பாடகர் குழு இருக்காது.

நேர்கோட்டில் சுமார் 870 கிலோமீட்டர். ஐரோப்பிய சுற்றுச்சூழல் முகமை 2021ல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஒரு பயணி ஒரு கிலோமீட்டர் போவதற்கு விமானத்தில் சராசரியாக 160 கிராம் கரியமில வாயு வெளியாகிறது. ரயிலில் 33 கிராம். 40 பேர் விமானத்தில் போய்த் திரும்பினால் சுமார் 11 டன். ரயில் பாதை சுற்றிக்கொண்டு போகும். 1,200 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் 3 டன் சொச்சம்தான். மூன்று நாள் கச்சேரிக்காக 8 டன் அதிகம் என்பது சின்ன விஷயமா என்ன?

சரி, நேரம்? லண்டனிலிருந்து கடலடிச் சுரங்கம் வழியாக பிரஸ்ஸல்ஸ் 2 மணி நேரம். அங்கிருந்து ஃப்ராங்க்ஃபர்ட் 3 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அங்கே மாறினால் லைப்சிக்குக்கு இன்னொரு 3 மணி நேரம். காத்திருப்பதையும் சேர்த்தால் 10, 11 மணி நேரம் ஆகும். காலையில் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாடு லைப்சிக்கில். விமானம் பறப்பது 2 மணி நேரத்துக்கும் குறைவுதான். ஆனால் ஊருக்கு வெளியே இருக்கிற விமான நிலையத்துக்குப் போய், 2 மணி நேரம் முன்னாடியே வரிசையில் நின்று, இறங்கி, பெட்டிக்குக் காத்திருந்து, மறுபடி ஊருக்குள் வருவதற்குள் அரை நாள் போய்விடும். உண்மையான வித்தியாசம் 4, 5 மணி நேரம். அதைக்கூட இல்லை என்று சொல்ல முடியாது. லீவு கிடைக்காத ஒருவருக்கு அந்த 5 மணி நேரம்தான் ஒரு நாள் சம்பளம்.

இந்த மாதிரிப் பயணமே ரயிலால்தான் வந்தது என்பது பலருக்கு மறந்துபோய்விட்டது. லைப்சிக்கில் வாழ்ந்த மெண்டல்சன், தன்னுடைய 'எலியா' என்ற பெரிய இசைப்படைப்பை 1846 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் முதன்முதலாக அரங்கேற்றினார். அதற்காக லண்டனிலிருந்து வாத்தியக்காரர்களும் பாடகர்களும் தனி ரயிலில் வந்து இறங்கினார்கள். லண்டன் - பர்மிங்காம் பாதை முழுசாகத் திறந்து அப்போது 8 வருடம்தான் ஆகியிருந்தது. 1872லும் 1873லும் வேல்ஸ் நாட்டுச் சுரங்கப் பள்ளத்தாக்குகளிலிருந்து சுமார் 450 பேர் கொண்ட ஒரு குழு லண்டன் கிரிஸ்டல் பேலஸுக்குப் போய்ப் பாடிக் கோப்பையோடு திரும்பியது. நடத்தியவர் காரடாக் என்று அழைக்கப்பட்டவர். கொல்லர் வேலை பார்த்தவர். ரயில் இல்லாவிட்டால் அத்தனை உழைக்கும் மக்கள் வேலையை விட்டுவிட்டு லண்டன் போய்த் திரும்பியிருக்கவே முடியாது. விமானம் வந்தபிறகுதான் ரயில் 'மெதுவான வண்டி' ஆகிவிட்டது!

பாடகர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. வாத்தியக் குழு என்றால் செல்லோவுக்குத் தனி சீட் வேண்டும், பெரிய வாத்தியத்தை எங்கே வைப்பது என்று தலைவலி. பாடுகிறவருக்கு வாத்தியமே தொண்டைதான். விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டது. ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேச வேண்டும். குரல்நாண்களுக்கு இரண்டும் ஆகாது. ரயிலிலும் ஏசி உண்டுதான். ஆனால் எழுந்து நடக்கலாம், ஸ்டேஷனில் இறங்கி நல்ல காற்றை வாங்கலாம்.

'அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே' என்று சிலர் கேட்பார்கள். இதுதான் எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி. ஃப்ரான்ஸின் நடன இயக்குநர் ஜெரோம் பெல் 2019ல் விமானத்தில் ஏறுவதையே விட்டுவிட்டார். வீடியோ வழியாக வேறு ஊர்க் கலைஞர்களுக்கு ஒத்திகை நடத்தினார். ஸ்வீடனின் ஹெல்சிங்போரி இசை அரங்கமும் அதே வருடம், இனிமேல் விமானத்தில் வருகிற கலைஞர்களை அழைப்பதில்லை என்று அறிவித்தது. நல்ல முடிவுகள்தான். ஆனால் சேர்ந்து பாடுவதை இணையத்தில் செய்ய முடியாது. சத்தம் போய்ச் சேருவதில் வருகிற சின்னத் தாமதமே தாளத்தைக் கெடுத்துவிடும். 2020ல் கொரோனா ஊரடங்கின்போது வந்த குழுப் பாடல் வீடியோக்களை யாராவது மறந்திருப்பார்களா? ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பாடிப் பதிவு செய்து, பிறகு ஒட்டினார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் ஒருவர் பாடுவதை இன்னொருவர் காதால் கேட்டுப் பாடவில்லை. பக்கத்தில் நின்று பாடுவதற்கும், வேறு ஊர்க் குழுவோடு ஒரே கூரையின் கீழ் பாடுவதற்கும் மாற்றே கிடையாது. ஆகவே போக வேண்டும். அடிக்கடி போக வேண்டாம்.

இப்போது முணுமுணுப்புக்கு வரலாம்.

ஒன்று, காசு. மலிவு விலை விமான டிக்கெட்டோடு ரயில் பல சமயம் போட்டி போட முடிவதில்லை. இது ரயிலின் குற்றம் மட்டும் கிடையாது. 1944ல் போட்ட சிகாகோ ஒப்பந்தத்திலிருந்தே சர்வதேச விமானங்களின் எரிபொருளுக்கு வரி போடாத பழக்கம் தொடர்கிறது. ஐரோப்பாவுக்குள் பறக்கிற விமானங்களின் எரிபொருளுக்கு வரி போடலாம் என்று 2021ல் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. எல்லா உறுப்பு நாடுகளும் சம்மதித்தால்தான் நடக்கும் என்பதால் அது வருடக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. ஃப்ரான்ஸில் 2023ல் குறுகிய தூர விமானங்களுக்குத் தடை என்று பெரிதாகப் பேசினார்கள். கடைசியில் நின்றது மூன்றே மூன்று வழித்தடங்கள்!

இரண்டு, நம்பகம். ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் 2024ல் சரியான நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். 6 நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தையும் சரியான நேரம் என்றே எண்ணியும் இந்த லட்சணம். இரண்டு இடத்தில் மாற வேண்டிய 40 பேருக்கு இது விளையாட்டு இல்லை. ராத்திரி ரயிலை நம்பலாம் என்றால் அதுவும் நிலையாக இல்லை. வியன்னா - பாரிஸ் இரவு ரயில் 2021ல் வந்தது, பெர்லின் - பாரிஸ் 2023ல் வந்தது. ஃப்ரான்ஸ் அரசு மானியத்தை நிறுத்தியதும் ஆஸ்திரிய ரயில்வே இரண்டையும் 2025 டிசம்பரோடு நிறுத்திவிட்டது.

மூன்று, லீவு. இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ரிட்டயர் ஆனவருக்குக் கூடுதலாக இரண்டு நாள் என்பது சந்தோஷம். கைக்குழந்தை வைத்திருக்கிறவருக்கும் தினக்கூலிக்கு வேலை செய்கிறவருக்கும் அது முடியாத காரியம். ரயில் என்று முடிவெடுத்து, செலவை அவரவர் தலையில் கட்டினால் என்ன நடக்கும்? வசதி உள்ளவர்கள் நல்ல பெயரோடு ரயிலில் போவார்கள். வசதி இல்லாதவர்கள் சத்தமில்லாமல் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். யாரையும் விலக்காமல் எல்லாக் குரலையும் சேர்த்துக்கொள்ளத்தானே இந்தக் குழுக்கள் இருக்கின்றன?

இதற்கு வழி பாடகர்கள் கையிலேயே இருக்கிறது. நீளமான ஒரு சுரத்தைப் பிடிக்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துவிடும். அதனால் ஒருவர் மாற்றி ஒருவர் மூச்சு எடுப்பார்கள். மற்றவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள். பயணச் செலவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

ஒரு வருடம் முன்னாடியே பயிற்சி நாளில் வைத்து எல்லோரும் ஓட்டுப் போட்டு முடிவெடுக்கலாம். சீக்கிரம் எடுத்தால் டிக்கெட்டும் மலிவு. ஆறு பேர் இருந்தாலே ஜெர்மன் ரயில்வேயில் குழுக் கட்டணம் உண்டு. செலவைப் பொதுவில் போட்டு, சம்பாதிக்கிறவர் கூடவும் மாணவர் குறைவாகவும் தரலாம். யார் எவ்வளவு தந்தார் என்பது பொருளாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும். கச்சேரிக்கு முந்தின நாளே போய்ச் சேருகிற மாதிரி திட்டம் போட்டால், ஒரு வண்டி தவறினாலும் கச்சேரி தவறாது. வருடா வருடம் போவதை விட்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போகலாம். போகிற வழியில் பிரஸ்ஸல்ஸிலோ கொலோனிலோ இறங்கி, அந்த ஊர்க் குழுவோடு சேர்ந்து ஒரு சாயங்காலம் பாடினால், வழியில் போகிற நாளும் வீணாகாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவரால் முடியவில்லை, விமானத்தில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றால், விடுங்கள். ஸ்வீடனில் 2018, 2019 வாக்கில் 'பறக்க வெட்கப்படு' என்கிற அர்த்தத்தில் ஒரு வார்த்தை ரொம்பப் பிரபலமானது. வெட்கப்பட வைத்தால் ஆள் பறப்பதை விடுவாரோ இல்லையோ, குழுவை விட்டு விலகிவிடுவார். 40 பேரில் 37 பேர் ரயிலில் போனாலே கணக்கில் பெரும்பகுதி மிச்சம். மீதி 3 பேரும் மேடையில் பக்கத்தில் நின்று பாட வேண்டும், அதுதான் முக்கியம்.