சீசனுக்கு வர்றீங்களா, ஆச்சியைப் பார்க்க வர்றீங்களா?



ஊருக்கெல்லாம் வசந்தகாலம் என்றால் பங்குனி, சித்திரை. தென்காசிக்காரர்களுக்கு மட்டும் அது ஆனி, ஆடி. கேரளத்தில் மழை பிடித்துவிட்டால் போதும், ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இங்கே வந்துவிடும். வெயில் அடிக்கும்போதே சாரலும் விழும். காய்ந்து கிடந்த புறவாசல் பத்தே நாளில் பச்சை பிடித்துவிடும். குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்ததும் எங்கள் பக்கத்து வீடுகளில் போனும் அடிக்க ஆரம்பித்துவிடும்.

"அம்மா, சீசன் எப்படி இருக்கு? தண்ணி நல்லா விழுதா?"

"உனக்கு மூட்டுவலி எப்படி இருக்கு?" என்பது அதற்கு அப்புறம்தான். சில சமயம் அது வருவதே இல்லை. இதைப் பற்றித்தான் வெளியூரில் இருக்கும் மகள்களோடும் மருமகள்களோடும் கொஞ்சம் பேச ஆசைப்படுகிறேன்.

எங்கள் தெருவில் மட்டும் வயதான பெண்கள் தனியாக இருக்கும் வீடு ஆறு. பிள்ளைகள் சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் என்று இருக்கிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது, பிழைப்பு அங்கே இருக்கிறது. என் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு 72 வயது. தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை என்று நீளமாக ரயில் பெட்டி மாதிரி போகும் பழைய வீடு. கடைசியில் புறவாசல். அங்கே 12 சென்ட் இருக்கும். ஒரு முருங்கை, ஒரு நார்த்தை, கறிவேப்பிலை, இரண்டு தென்னை. தென்னை இரண்டும் 1990-ல் காசி விசுவநாதர் கோயிலின் புது ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் ஆன மாதம் வைத்தது என்று சொல்வாங்க. ஆச்சிக்கு எல்லாக் கணக்கும் அந்தக் கோபுரத்திலிருந்துதான்.

காலை நாலரைக்கு எழுந்திருப்பாங்க. வாசல் தெளித்துக் கோலம், காபி, அப்புறம் நேரே புறவாசல். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் அரிசி கழுவின தண்ணீர் வாளி. குனிய முடியாது, ஆகவே சின்ன முக்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டே செடி செடியாக நகர்ந்து உட்காருவாங்க. அவரைக் கொடியில் அசுவினி ஏறினால் அடுப்புச் சாம்பல். புடலம்பிஞ்சு வளைந்தால் நுனியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுவாங்க, அது நேராக வளரும். பூசணி விதையைச் சாணிப்பாலில் நனைத்துத்தான் ஊன்றுவாங்க. எட்டு மணிக்கு மேல்தான் இட்லி அடுப்பில் ஏறும். ஒரு ஆளுக்கு இட்லி எத்தனை வேண்டும், மூன்று! மத்தியானம் தூக்கம். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் கோயில். 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லாததால் வாரத்தில் நாலு நாள்கூடப் போகிறாங்க. யாருக்கும் பாரமில்லாத, அழகான வாழ்க்கை.

இது சீசன் வரும்வரைதான்.

பொதிகை ரயிலில் வெள்ளிக்கிழமை ஏறி சனிக்கிழமை காலையில் இறங்குவார்கள். ஒரு வாரம் மூத்த மகன் குடும்பம். அடுத்த வாரம் மகள், அவளுடைய நாத்தனார் குடும்பத்தோடு. அதற்கடுத்து இளையவனும் அவன் ஆபீஸ் சிநேகிதர்களும். ஒரு தடவைக்கு எட்டுப் பேர், ஒன்பது பேர். காலையில் காபி குடித்துவிட்டு ஐந்தருவி. பத்து மணிக்குப் பசியோடு வருவார்கள். சாப்பிட்டுவிட்டு மெயின் அருவி. மறுபடி பசி. அருவியில் குளித்தவர்களுக்கு எப்படிப் பசிக்கும் என்று எங்கள் பக்கத்துப் பெண்களைக் கேட்டால் தெரியும்! "அம்மா கையால சொதி சாப்பிட்டு எவ்வளவு நாளாச்சு", "ஆச்சி, கூட்டாஞ்சோறு", "அத்தே, உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும்". சொதிக்கு மட்டும் தேங்காய் உடைத்துத் திருகி முதல் பால், இரண்டாம் பால் என்று பிழிய எவ்வளவு நேரம் ஆகும்! ஒருநாள் சாயங்காலமாவது ஆச்சி புறவாசல் பக்கம் போனதை நான் மதில் வழியாகப் பார்க்கவில்லை.

ஈரத்துணி இன்னொரு தலைவலி. சாரலில் துணி காயாது. ஒன்பது பேர் துண்டும் பட்டாசலில் கொடி கட்டித் தொங்கும்.

இதைவிடப் பெரியது மனசுக் கஷ்டம். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து, 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். அன்றிலிருந்து பேரப்பிள்ளைகள் அருவிக்குப் போனால் ஆச்சிக்கு இருப்புக்கொள்வதில்லை. தார்சாவில் வந்து உட்காருவாங்க, உள்ளே போவாங்க, மறுபடி வருவாங்க. போன் அடித்தால் யாரும் எடுப்பதில்லை, குளிக்கிறவர்கள் எப்படி எடுப்பார்கள்? "ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி விழுதாம்ட்டி, போலீஸ் விடாதுல்லா?" என்று என்னிடம் நாலு தடவை கேட்பாங்க. கிளம்பும்போது ஒன்று, கரையேறியதும் ஒன்று, இரண்டு போன் செய்தால் போதும்.

ஞாயிறு சாயங்காலம் முருங்கைக்காய், தேங்காய், கறிவேப்பிலை, நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் பையில் ஏறும். தெருவே காலியாகும். திங்கள், செவ்வாய் ஆச்சி கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டாங்க. இப்படியே நாலைந்து வாரம்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். ஆடிப் பட்டம் போய்விடுகிறது, அதுதான் நஷ்டம். கத்தரி, மிளகாய் நாற்றை ஆனியில் பாவினால்தான் ஆடியில் பிடுங்கி நடலாம். அவரை பனிக்காலத்துக்காரி. ஆடியில் ஊன்றினால்தான் பகல் சுருங்கும் கார்த்திகை, மார்கழியில் பூத்துக் காய்க்கும். காலந்தப்பிச் சித்திரையில் ஊன்றினால் கொடி ஓடுமே தவிரக் காய்க்காது. இங்கே காற்றும் சாமானியமில்லை. பெரிய கோயில் வாசலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், சேலையைப் பிடிக்கவா, குடையைப் பிடிக்கவா என்றாகிவிடும். பந்தல் கம்பை ஆழமாக நட்டு இழுத்துக் கட்ட ஆள் வேண்டும். 72 வயதில் ஏணி ஏற முடியுமா?

இரண்டு வருஷம் முன்பு சீசன் கூட்டத்தில் ஆச்சி அவரையே போடவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் வேலையில் தள்ளிப்போய்விட்டது. அப்புறம் டப்பாவில் சாம்பலில் போட்டு வைத்திருந்த விதையை எடுத்து ஊன்றினால் ஒன்றுகூட முளைக்கவில்லை. ஆச்சி கல்யாணமாகி வரும்போது அவங்க அம்மா முந்தானையில் முடிந்து கொடுத்துவிட்ட அவரை அது. ஊதா ஓரம் போட்ட பட்டை அவரை, கடையில் நான் பார்த்ததில்லை. நல்லவேளை, முன்னொரு சமயம் ஆச்சி எனக்குக் கொடுத்ததில் நான் வருஷா வருஷம் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தேன். 20 விதை திருப்பிக் கொடுத்தேன். ஆச்சி வாங்கிக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் எனக்கு ஒரு கிண்ணம் அவியல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாங்க. விதை பிழைத்தது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஒருத்தருக்கும் இப்படி ஒரு அவரை போகப் பார்த்ததே தெரியாது.

"அப்போ வரவே வேண்டாங்கிறீங்களா?" என்று கோபிக்காதீர்கள். வரவேண்டும். வராமல் இருந்தால் ஆச்சி அதைவிட ஒடிந்துபோவாங்க. இந்தக் கடிதத்தைப் படித்தால் "ஏட்டி, எம்பிள்ளைய வர்றதை நீ எதுக்குக் கெடுக்கே?" என்று முதலில் என்னோடுதான் சண்டைக்கு வருவாங்க. மருமகள்களையும் நான் குற்றம் சொல்லவில்லை. வருஷம் முழுவதும் அடுப்போடும் ஆபீஸோடும் கிடப்பவர்களுக்கு நாலு நாள் அருவித் தண்ணீர் தலையில் விழட்டுமே. ஆண்கள்தான் காலையும் மாலையும் அருவி, நடுவில் தூக்கம் என்று இருக்கிறார்கள். அண்ணன்மார் மன்னிக்கவும், ஏணி ஏறத் தெரிந்தவர்களும் அவர்கள்தான்.

நான் கேட்பது இவ்வளவுதான். மூன்று நாள் வந்தால் இரண்டு நாள் அருவி, ஒரு நாள் வீடு. அந்த ஒரு நாள் காலையில் பிள்ளைகளை ஆச்சியோடு புறவாசலுக்கு அனுப்புங்கள். குழி தோண்டட்டும், விதை ஊன்றட்டும், கையெல்லாம் சேறாகட்டும். ரம்புட்டானும் மங்குஸ்தானும் குற்றாலத்து ரோட்டோரக் கடையில் வாங்கித் தின்னத் தெரிந்த பிள்ளைகளுக்குப் புடலங்காய் எந்தக் கொடியில் காய்க்கிறது என்று தெரியவில்லை. ஒருவேளைச் சாப்பாடாவது வெளியில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லை நீங்கள் செய்து ஆச்சியை உட்கார வைத்துப் பரிமாறுங்கள். ஆச்சிக்கு உப்பு, காரம் சரியில்லை என்று தோன்றும். தோன்றட்டும்!

அவங்களையும் ஒருநாள் அருவிக்குக் கூட்டிப்போங்கள். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் தனியாக இருக்கிறது. காலை ஐந்து மணிக்குக் கூட்டம் குறைவு, ஒருத்தர் கையைப் பிடித்துக்கொண்டால் போதும். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஆச்சி அருவியில் குளித்துப் பதினோரு வருஷம் ஆகிறது.

ஊருக்குத் திரும்பும்போது முருங்கைக்காயோடு பத்து விதையும் கேட்டு வாங்குங்கள். பிளாட்டில் இடம் ஏது என்பீர்கள். மொட்டை மாடியில் ஒரு பை மண் போதும். தோட்டக்கலைத் துறையே மாடித் தோட்டத்துக்கு மானியம் கொடுத்திருக்கிறது. முளைத்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஆச்சி அதைத் தெரு முழுக்கக் காட்டுவாங்க.

போன வாரம் ஆச்சியின் இளைய மருமகள் என்னிடம் போனில், "அக்கா, அத்தைக்கு என்ன வாங்கிட்டு வர? சேலையா, ஸ்வீட்டா?" என்று கேட்டாள். ஆச்சி பீரோவில் பிரிக்காத சேலை ஒன்பது இருக்கிறது. நைலான் கயிறு நாலு கட்டும், பந்தல் போட உன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியிருக்கிறேன்.

— ஒரு இல்லத்தரசி, மேலகரம், தென்காசி.