பாட்டியின் நாவிலே பூட்டு!

தோழா!

கனடாவின் கிரி இனத்துப் பேத்தி ஒருத்தி, தன் பாட்டியைப் பார்த்து, "நோஹ்கொம்" என்கிறாள். 'என் பாட்டி' என்று பொருள். 'உன் பாட்டி' என்றால் 'கோஹ்கொம்'. யாருக்கு உறவு என்று ஒட்டாமல் அச்சொல்லின் வேர் தனித்து நிற்காது! 'எந்தை' என்றும் 'நுந்தை' என்றும் பிரித்துரைத்த தமிழனுக்கு இதன் அருமை புரியும்.

அந்தச் சொல் கேட்டதும் பாட்டியின் கண்கள் குளமாகின்றன. ஏன்? அவள் பெற்ற மகனுக்கு அந்த மொழி தெரியாது. அவள்தான் சொல்லித்தரவில்லை!

கல்நெஞ்சக்காரியா அவள்? இல்லை, தோழா! அவள் நாவிலே பூட்டுப் போட்டவர்கள் வேறு.

1920-இல் கனடா அரசு சட்டம் திருத்திற்று. 7 முதல் 15 வயது வரையுள்ள பூர்வகுடிப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பள்ளிக்கு இழுக்கும் அதிகாரத்தைத் தன் கையிலே எடுத்துக்கொண்டது. பணம் அரசுடையது, நிர்வாகம் திருச்சபைகளுடையது. உண்டு உறைவிடப் பள்ளி என்று பெயர். உண்மையிலே அது மொழியின் கொலைக்களம்! 1,50,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் அந்த வாயில்களுக்குள் தள்ளப்பட்டனர். தாய்மொழி பேசினால் தண்டனை. கடைசிப் பள்ளி மூடப்பட்டதோ 1990-களின் பிற்பகுதியில்!

அடிபட்ட சிறுமி தாயானாள். 'நான் பட்டது போதும், என் மகன் படவேண்டாம்' என்று வாய் மூடினாள். அன்பே மௌனமாயிற்று, மௌனமே மொழிக்கு எமனாயிற்று.

"மொழிகள் மறைவது இயற்கை, அரசு ஏன் பணத்தைக் கொட்ட வேண்டும்?" என்று கேட்கும் மேதாவிகள் உண்டு. இயற்கையாம்! ஏழு வயதுக் குழந்தையைத் தாய்மடியிலிருந்து பிடுங்கியது இயற்கையா? சட்டம் எழுதிய கை இயற்கையின் கையா? அழிக்க அரசுப் பணம் இருந்தது. ஆக்க மட்டும் இல்லையா?

"கிரி சோறு போடுமா?" என்றும் கேட்பர். ஆங்கிலத்தைத் துறக்கச் சொன்னவர் யார்? தாயைத் 'தாயே' என்றழைத்தால், பிறன் வீட்டில் பிழைக்கும் வழி அடைபட்டுவிடுமா?

ஆல்பர்ட்டாவிலே ப்ளூ குவில்ஸ் என்றொரு பள்ளி. செயின்ட் பால் ஊரருகே 1931 முதல் உறைவிடப் பள்ளியாக இயங்கியது. 1970-இல் அதைக் கைகழுவ அரசு முனைந்தபோது, பூர்வகுடிப் பெற்றோர் உள்ளேயே அமர்ந்து போராடினர். "எங்கள் பிள்ளைகளின் பள்ளியை நாங்களே நடத்துவோம்" என்றனர். அரசு பணிந்தது. கனடாவிலே பூர்வகுடியினரே ஏற்று நடத்திய முதல் பள்ளி அதுதான். இன்று அது பல்கலைக்கழகம். அங்கே கிரி மொழி கற்பிக்கப்படுகிறது! மொழியைப் புதைத்த இடத்திலேயே அது முளைத்திருக்கிறது.

2008 ஜூன் 11-இல் நாடாளுமன்றத்திலே பிரதமர் ஹார்ப்பர் மன்னிப்புக் கேட்டார். 2015-இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், நடந்தது பண்பாட்டுப் படுகொலை என்றே தீர்ப்புரைத்தது. 2019-இல் பூர்வகுடி மொழிகளுக்கெனச் சட்டமும் வந்தது. வரவேற்கிறோம். ஆனால், மன்னிப்பை ஒரு நாளிலே கேட்டுவிடலாம். மொழியை ஒரு நாளிலே மீட்க முடியுமா?

2021 கணக்கெடுப்பின்படி கிரி பேசத் தெரிந்தவர் 80,000-க்கு மேல். சரளமாகப் பேசும் முதியோர் ஒருவர் கண்மூடும்போதெல்லாம் ஒரு பள்ளிக்கூடமே மூடப்படுகிறது. அவர்களை ஆசிரியராக அமர்த்து! பட்டம் எங்கே என்று கேளாதே! ஆண்டுதோறும் கையேந்தவைக்கும் மானியத்தை விடுத்து நிலையான நிதி கொடு! இது பிச்சையன்று, பறித்ததைத் திருப்பித் தரும் கடன்!

இன்னொன்று, தோழா. தமிழிலே 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கிரியிலும் அப்படியே: கேட்பவரையும் சேர்த்தால் 'கியானவ்', விலக்கினால் 'நியனான்'. ஆங்கிலத்துக்கு இந்த வேறுபாடு தெரியாது. கனடா அரசு தன் மக்களைப் பார்த்து 'நாம்' என்கிறதே, அது எந்த 'நாம்'? பேத்தி பாட்டியிடம் கற்கட்டும். அரசு அந்தப் பேத்தியிடம் கற்கட்டும்!