முகத்தைத் தூக்கி நிறுத்தும் நூல்... ஊசி யார் கையில் இருக்கு?

தோலைப் பத்தி வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பதப்படுத்தின தோலை இழுத்துக் கட்டிக் காயவெச்சா, இழுத்த வாக்கிலேயே நிக்கும். ஆனா, உயிருள்ள முகத்தோட தோல் அப்படியில்ல. எவ்வளவு இழுத்தாலும் கொஞ்ச நாள்ல இறங்க ஆரம்பிச்சுடும். 'ஒரே மணி நேரத்தில் இளமை'னு ரீல்ஸ்ல வர்ற 'த்ரெட் லிஃப்ட்' விளம்பரங்கள் பெரும்பாலும் இதைச் சொல்றதில்லை.

அது என்ன த்ரெட் லிஃப்ட்?

பார்லர்ல புருவத்துக்குப் பண்ற த்ரெடிங்னு நினைச்சுடாதீங்க. இது வேற. முகத்தை மரத்துப்போக வெச்சு, ஊசி மூலமா தோலுக்கு அடியில நூலைச் செலுத்துவாங்க. நூல்ல இருக்கிற சின்னச் சின்ன முட்கள் திசுவைப் பிடிச்சு மேல இழுக்கும். அதிகமா பயன்படுறது பாலிடையாக்ஸனோன், சுருக்கமா பி.டி.ஓ. ஆபரேஷன் தையலுக்குப் பல வருஷமா பயன்படுற அதே பொருள்தான். சுமார் ஆறேழு மாசத்துல உடம்புக்குள்ளேயே கரைஞ்சுடும். தூக்கி நிறுத்தின முகமும் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள்ள பழைய நிலைக்குத் திரும்ப ஆரம்பிச்சுடும்.

தவிர, இது தோல் லேசா தொய்ய ஆரம்பிச்சவங்களுக்கான சிகிச்சை. தொய்வே இல்லாத இருபது ப்ளஸ் வயசுல, கல்யாண ஆல்பத்துக்காக இதைப் பண்றதுல பெருசா அர்த்தமில்லை.

ரிஸ்க் எங்கே?

வீக்கம், ரத்தக்கட்டு சகஜம். சில நாள்ல சரியாகிடும். கன்னத்துல குழி விழறது, முகம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித் தெரியறது, நூல் வெளியே தெரியறது, கிருமித்தொற்று... இதெல்லாமும் நடக்கலாம். அரிதா நரம்பும் பாதிக்கப்படலாம். முகத்துல நரம்பும் ரத்தக்குழாயும் எங்கே ஓடுதுனு தெரிஞ்ச கைக்கும் தெரியாத கைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான்.

2016-ல் நடந்தது ஞாபகம் இருக்கா? சென்னை மருத்துவக் கல்லூரியில இறுதியாண்டு படிச்ச 22 வயசு மாணவர், முடி மாற்று சிகிச்சைக்குப் போய் உயிரிழந்தார். வேலூருக்குக் கொண்டுபோயும் காப்பாத்த முடியலை. சிகிச்சை நடந்த இடம் சலூனுக்கான லைசென்ஸ்ல இயங்கினது அப்புறம்தான் வெளியே வந்தது. சிகிச்சை வேற, ஆனா பாடம் ஒண்ணுதான். டாக்டருக்குப் படிச்ச பையனே ஏமாந்த இடம் அது.

2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அழகு சிகிச்சைகளுக்கும் முடி மாற்று சிகிச்சைக்கும் வழிகாட்டுதல் வெளியிட்டது. வொர்க்‌ஷாப்பிலோ யூடியூபிலோ பார்த்துக் கத்துக்கிட்டது போதுமான பயிற்சி ஆகாதுனு அதுல தெளிவா சொல்லியிருக்காங்க. அப்படிச் சொல்ல வேண்டிய நிலைமை வந்திருக்குங்கிறதுதான் கவலை.

போறதுக்கு முன்னாடி...

* பண்ணப்போறது யார்? தோல் சிகிச்சையில எம்.டி அல்லது பிளாஸ்டிக் சர்ஜரியில எம்.சிஹெச் படிச்சவரா? பெயரும் பதிவு எண்ணும் கேளுங்க. மெடிக்கல் கவுன்சில் இணையதளத்துல தேடிப் பாருங்க.

* தமிழ்நாட்டுல கிளினிக் நடத்த, மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவு வேணும். அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க.

* என்ன நூல், எத்தனை நூல், எத்தனை மாசம் தாங்கும், பிரச்னை வந்தா எந்த ஆஸ்பத்திரி? பதிலை எழுத்துல வாங்குங்க.

* அழகுக்காகப் பண்ற சிகிச்சைக்குப் பொதுவா மருத்துவக் காப்பீடு கிடைக்காது. கரைஞ்சுபோற நூலுக்காக இ.எம்.ஐ போடறதுக்கு முன்னாடி யோசிங்க.

வாலாஜாபேட்டையில இருந்து வேலூர் பஸ் ஏறினா, சி.எம்.சி-யும் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையும் இருக்கு. முதல்ல அங்கே ஒரு தோல் டாக்டரைப் பார்த்து, 'எனக்கு இது தேவையா?'னு கேளுங்க. 'தேவையில்லை'னு பதில் வந்தா, பணமும் மிச்சம், முகமும் பத்திரம்.